பழைய மேசைக் கணினிக்கு மாற்று எஸ்எம்பிஎஸ்

மேசைக் கணினியின் கேபினெட்டுக்குள், பின்பக்க மூலையில் மின்விசிறியோடு பொருத்தப்பட்டிருக்கும் உலோகப் பெட்டிதான் மின்வழங்கி. கடையிலும் பட்டறையிலும் அதை எஸ்எம்பிஎஸ் என்றே சொல்வார்கள். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் என்ற மூன்று முதன்மையான நேர்திசை மின்னழுத்தங்களாக மாற்றி, மதர்போர்டுக்கும் டிஸ்க்குகளுக்கும் பிரித்துத் தருவது இதன் வேலை. ப்ராசஸரும் ராமும் பதினைந்து, இருபது ஆண்டுகள்கூட உழைக்கும்; எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் அதற்கு முன்பே களைத்துவிடும். அப்போது மாற்று வாங்கப் போகிறவரிடம் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை வாட்?" என்பது. 450 என்பார் ஒருவர்; எதற்கும் இருக்கட்டும் என்று 500 என்பார் இன்னொருவர். புதிய கணினிக்கு இந்தக் கேள்வி ஓரளவு போதும். பழைய கணினிக்கு இது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. மதர்போர்டு எந்த ஆண்டைச் சேர்ந்தது, அதன் கனெக்டர் பொதுவிதிப்படி அமைந்ததா, ப்ராசஸருக்கான மின்சாரத்தை அது எந்த லைனிலிருந்து எடுக்கிறது, அந்த லைனில் எஸ்எம்பிஎஸ் எத்தனை ஆம்பியர் தரும் என்ற நான்கும் தெரிந்த பிறகுதான் வாட் கணக்குக்குப் பொருள் உண்டு. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால், நல்ல எஸ்எம்பிஎஸ்கூட நல்ல மதர்போர்டைக் கெடுத்துவிடக்கூடும்.

இதற்குக் காரணம், மதர்போர்டின் பசி ஒரு லைனிலிருந்து இன்னொரு லைனுக்கு இடம் மாறியதுதான். 1984-ல் ஐபிஎம் வெளியிட்ட பிசி ஏடி கணினியின் எஸ்எம்பிஎஸ், பி8, பி9 என்ற இரு தனித்தனி கனெக்டர்கள் வழியாக மதர்போர்டுக்கு மின்சாரம் தந்தது. இரண்டையும் கறுப்பு ஒயர்கள் நடுவில் ஒட்டி வரும்படி செருக வேண்டும். மாற்றிச் செருகினால் போர்டு போய்விடும். 1995-ல் இன்டெல் ஏடிஎக்ஸ் விதியைக் கொண்டுவந்தது. இரண்டு கனெக்டரும் தவறாகச் செருக முடியாத ஒரே 20 பின் கனெக்டராயின. 3.3 வோல்ட் லைன் சேர்ந்தது. பச்சை ஒயரின் வழியே மதர்போர்டே எஸ்எம்பிஎஸ்ஸை ஓடவும் நிற்கவும் வைக்கும் முறையும், கணினி நின்றிருக்கும்போதும் உயிரோடு இருக்கும் ஊதா நிற 5 வோல்ட் ஒயரும் வந்தன. ஆனால் அந்தக் காலத்து மதர்போர்டுகள் ப்ராசஸருக்கு வேண்டியதைப் பெரும்பாலும் 5 வோல்ட் லைனிலிருந்துதான் எடுத்தன. ப்ராசஸர்களின் பசி கூடக் கூட இது தாங்கவில்லை. 100 வாட் வேண்டுமென்றால் 5 வோல்ட்டில் 20 ஆம்பியர் ஓட வேண்டும். 12 வோல்ட்டில் 8.3 ஆம்பியர் போதும். ஒயரில் வெப்பமாகிப் போகும் சேதாரம் ஆம்பியரின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், அதே ஒயரில் 12 வோல்ட்டுக்கு மாறினால் சேதாரம் ஆறில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகமான அளவுக்குக் குறைந்துவிடுகிறது. எனவே 2000-ல் பென்டியம் 4 வந்தபோது, ப்ராசஸருக்கென்றே இரண்டு மஞ்சள், இரண்டு கறுப்பு ஒயர்கள் கொண்ட சதுரமான 4 பின் 12 வோல்ட் கனெக்டர் சேர்ந்தது. 2003-ல் வந்த அடுத்த பெரிய திருத்தம் முதன்மைக் கனெக்டரை 24 பின் ஆக்கியது. எஸ்எம்பிஎஸ்ஸின் வலுவின் பெரும்பகுதியை 12 வோல்ட் லைனுக்கே கொடுத்துவிட்டது.

இன்று கடையில் கிடைக்கும் தரமான எஸ்எம்பிஎஸ் இந்தப் போக்கின் கடைசிப் படியில் நிற்கிறது. உள்ளே உண்மையில் 12 வோல்ட் ஒன்றுதான் தயாராகிறது. அதிலிருந்து சிறிய மாற்றிச் சுற்றுகள் 5 வோல்ட்டையும் 3.3 வோல்ட்டையும் எடுத்துத் தருகின்றன. 550 வாட் என்று எழுதிய ஒன்றில் 12 வோல்ட் லைன் 45 ஆம்பியர் வரை தரும், 5, 3.3 வோல்ட் லைன்கள் ஒவ்வொன்றும் 20 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும், இரண்டும் சேர்ந்து 100 முதல் 130 வாட்டைத் தாண்டக் கூடாது என்று பக்கத்திலேயே நிபந்தனை இருக்கும். இதை 2002-ல் வெளிவந்த அத்லான் எக்ஸ்பி 2000+ ப்ராசஸர் உள்ள, 4 பின் 12 வோல்ட் கனெக்டர் இல்லாத மதர்போர்டில் மாட்டுவதாக வைத்துக்கொள்வோம். அந்த ப்ராசஸர் அதிகபட்சம் 70 வாட் இழுக்கும். மதர்போர்டில் உள்ள மின்னழுத்தக் குறைப்புச் சுற்றின் திறன் 80 விழுக்காடு என்று கொண்டால், 5 வோல்ட் லைனிலிருந்து 87 வாட்டுக்குமேல் போகும். அதாவது 17 ஆம்பியருக்கும் மேல். 100 வாட் எல்லை என்றால், மிச்சமிருக்கும் 13 வாட்டில் ராம், ஏஜிபி கிராபிக்ஸ் கார்டு, ஹார்ட் டிஸ்க்கின் சுற்றுப்பலகை, யுஎஸ்பி எல்லாம் ஓட வேண்டும். ஓடாது. 550 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்கிப் போட்ட கணினி, பழைய 300 வாட் பெட்டியில் இருபது ஆண்டு ஓடிய கணினி, ஒரு விளையாட்டைத் திறந்ததும் அணைந்துபோகும். அந்தப் பழைய 300 வாட் பெட்டியின் லேபிளைப் பார்த்தால் 5 வோல்ட்டுக்கு நேராக 30 ஆம்பியர் என்று இருக்கும். வாட் ஏறக்குறைய இரு மடங்கானது. தேவையான இடத்தில் ஆம்பியர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

இதன் மறுபக்கமும் உண்மை. பட்டறை மூலையில் கிடக்கும் பென்டியம் 3 காலத்து எஸ்எம்பிஎஸ்ஸை எடுத்து, அடாப்டர் போட்டு, கோர் 2 டுயோ மதர்போர்டில் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காலத்துச் சுற்றமைப்பில் 12 வோல்ட்டையும் 5 வோல்ட்டையும் ஒரே கட்டுப்பாடு சேர்த்துக் கவனிக்கும். ஒன்றில் பளு ஏறினால் அந்த லைன் தாழும்; சராசரியைச் சரிசெய்யக் கட்டுப்பாடு முயலும்போது மற்றது எழும். 12 வோல்ட்டில் மட்டும் முழுப் பளுவையும் ஏற்றி, 5 வோல்ட்டைக் கிட்டத்தட்டச் சும்மா விட்டால், 12 இருக்க வேண்டிய இடத்தில் 11.3-ம், 5 இருக்க வேண்டிய இடத்தில் 5.3-ம் நிற்கக்கூடும். ஏடிஎக்ஸ் விதி அனுமதிக்கும் விலகல் 5 விழுக்காடுதான்: 12 வோல்ட் என்றால் 11.40 முதல் 12.60 வரை, 5 வோல்ட் என்றால் 4.75 முதல் 5.25 வரை, 3.3 வோல்ட் என்றால் 3.14 முதல் 3.47 வரை. இந்த எல்லைக்கு வெளியே கணினி உடனே செத்துவிடாது. காரணம் புரியாமல் தொங்கும், நீலத்திரை காட்டும், டிஸ்க்கில் பிழைகளைச் சேர்க்கும். பழி ராமின் மேலும் விண்டோஸின் மேலும் போகும்.

ஆகவே முதலில் கேபினெட்டைத் திறந்து, ப்ராசஸருக்கு அருகே சதுரமான 4 பின் அல்லது நீளமான 8 பின் 12 வோல்ட் கனெக்டர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் மதர்போர்டு 12 வோல்ட்டிலிருந்து ப்ராசஸருக்கு எடுக்கிறது. இன்றைய எந்தத் தரமான எஸ்எம்பிஎஸ்ஸும் பெரும்பாலும் பொருந்தும். 20 பின் மதர்போர்டாக இருந்தாலும் கவலையில்லை. புதிய எஸ்எம்பிஎஸ்கள் பலவற்றின் 24 பின் கனெக்டரில் 4 பின் பகுதி பிரிந்து வரும். அதைக் கழற்றிவிட்டு 20-ஐ மட்டும் செருகலாம். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. பிரிந்து தொங்கும் அந்த 4 பின் துண்டும், ப்ராசஸருக்கான 4 பின் கனெக்டரும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். முன்னதில் ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு நிறங்கள். பின்னதில் மஞ்சள் இரண்டு, கறுப்பு இரண்டு. ஒயர் எல்லாம் கறுப்பாக வரும் இன்றைய எஸ்எம்பிஎஸ்களில் இந்த வேறுபாடும் தெரியாது. பின்களின் வடிவத்தையும், கனெக்டர் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்தையும் பார்த்தே செருக வேண்டும். அழுத்தித் தள்ளினால்தான் போகும் என்ற நிலை வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். 12 வோல்ட் கனெக்டரே இல்லாத மதர்போர்டென்றால், 5 வோல்ட்டில் குறைந்தது 25, கூடுமானால் 30 ஆம்பியர் தரும் எஸ்எம்பிஎஸ்ஸைத் தேட வேண்டும். தொழிற்சாலைக் கணினிகளுக்காகத் தயாராகும் சிலவற்றில் இது இன்னும் கிடைக்கிறது. ஐஎஸ்ஏ என்ற பழைய வகைச் செருகுவாயில் பொருந்தும் ஒலி அட்டைகளும் கட்டுப்பாட்டு அட்டைகளும் சில, கழித்தல் 5 வோல்ட்டை எதிர்பார்க்கும். அந்த லைன் 2000-களின் தொடக்கத்தில் கட்டாயமில்லை என்றாகி, பிறகு விதியிலிருந்தே நீங்கிவிட்டது. கழித்தல் 12 வோல்ட்டிலிருந்து அதை உண்டாக்கித் தரும் சிறு சுற்றுகள் உண்டு. லேத் பட்டறையில் ஐஎஸ்ஏ அட்டையோடு ஓடும் கணினிக்கு அவை கைகொடுக்கும்.

"ஏடிஎக்ஸ் என்பது பொதுவிதிதானே, கனெக்டர் பொருந்தினால் போதாதா?" என்ற வாதத்துக்குப் பதில் டெல் கணினிகளில் இருக்கிறது. 1990-களின் பிற்பகுதியில் டெல் தன் மேசைக் கணினிகள் பலவற்றில், ஏடிஎக்ஸ் கனெக்டரை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே எந்த பின்னில் எந்த மின்னழுத்தம் என்பதை மட்டும் மாற்றியது. 3.3 வோல்ட் முழுவதும் தனியாக ஒரு 6 பின் கனெக்டருக்குப் போனது. வெளியிலிருந்து பார்த்தால் வேறுபாடே தெரியாது. அந்தப் போர்டில் கடையில் வாங்கிய ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் சிக்கலின்றிச் செருகிக்கொள்ளும்; பொத்தானை அழுத்தியதும் எஸ்எம்பிஎஸ்ஸோ மதர்போர்டோ, சில வேளை இரண்டுமோ, போகும். அந்தப் பழக்கத்தைப் பிறகு டெல் கைவிட்டாலும், 2013-ஐ ஒட்டி வேறு வடிவில் தனிவழி திரும்ப வந்தது. ஆப்டிப்ளெக்ஸ் 9020 போன்றவற்றில் 24 பின்னுக்குப் பதில் 8 பின். எச்பி எலைட்டெஸ்க் 800 முதல் தலைமுறையில் 6 பின் கனெக்டர்கள். லெனோவா திங்க்சென்டர் எம்92 வரிசையில் 14 பின். இவற்றில் எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட்டை மட்டும் தரும்; 5-ஐயும் 3.3-ஐயும் மதர்போர்டே உண்டாக்கிக்கொள்ளும். யோசனை நல்லதுதான், இன்டெல்லே பின்னர் 12 வோல்ட் மட்டும் தரும் 10 பின் விதியை வெளியிட்டது. ஆனால் அலுவலகங்களிலிருந்து கழிக்கப்பட்டுச் சந்தைக்கு வரும் கணினிகளில் மிகுதியானவை இந்த வகைதான். அவற்றை வாங்குகிறவர் இது தெரியாமலேயே வாங்குகிறார். இவற்றுக்கு 24 பின்னிலிருந்து மாற்றித் தரும் அடாப்டர் ஒயர்கள் கிடைக்கின்றன. அந்தந்த மாடல் எண்ணுக்கென்று விற்பதைத்தான் வாங்க வேண்டும். கணினி நின்றிருக்கும்போது வேண்டிய மின்னழுத்தம் சில மாடல்களில் 5 வோல்ட்டாக இல்லாமல் 12-ஐ ஒட்டி இருக்கும். அவற்றுக்கான அடாப்டரில் 5-ஐ உயர்த்தித் தரும் சிறு பலகை ஒன்று இருக்கும். பலகை இல்லாத மலிவான அடாப்டரில் கணினி எழுந்திருக்காது. என் தீர்ப்பு, நிறுவனத் தயாரிப்புக் கணினி என்றால் முதலில் அதே பாக எண் கொண்ட எஸ்எம்பிஎஸ்ஸைத் தேடுவது, கிடைக்காவிட்டால் மட்டும் அடாப்டர் பக்கம் போவது.

வடிவ அளவு பற்றி நீண்ட பேச்சு தேவையில்லை. சாதாரண ஏடிஎக்ஸ் பெட்டி 150 மில்லிமீட்டர் அகலம், 86 உயரம், 140 ஆழம். ஆழம் மட்டும் கூடலாம். ஒல்லியான கேபினெட்டுகளில் வரும் டிஎஃப்எக்ஸ் 85 அகலம், 65 உயரம், 175 நீளம். சின்னஞ்சிறு கேபினெட்டுகளின் எஸ்எஃப்எக்ஸ் 125 அகலம், 63.5 உயரம், 100 ஆழம். அளவுகோலால் அளந்து, திருகுத் துளைகளின் இடத்தையும் பார்த்துவிட்டால் போதும்.

இப்போது லேபிளுக்கு வரலாம். கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸில் 450 வாட் என்று பெரிய எழுத்தில் இருக்கும். ஒரு மூலையில் சிறிய எழுத்தில் 12 வோல்ட்டுக்கு நேராக 14 அல்லது 16 ஆம்பியர் என்று இருக்கும். 12-ஐ 16-ஆல் பெருக்கினால் 192 வாட். 2004-க்குப் பிந்தைய கணினிக்கு வேண்டியதில் பெரும்பங்கு 12 வோல்ட்டில்தான் வேண்டும் என்பதால், அந்தப் பெட்டியின் உண்மையான தகுதி 450-ஐவிட 200-க்குப் பக்கத்தில் இருக்கிறது. மீதி வாட் எல்லாம் யாரும் கேட்காத லைன்களில் கணக்குக் காட்டப்பட்டவை. 12 வோல்ட் ஆம்பியரையே எழுதாத லேபிள் என்றால் அந்தப் பெட்டியை மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை. தேவையின் பக்கமும் கணக்குப் போட்டுவிடலாம். 2008-ல் வந்த கோர் 2 டுயோ இ8400 ப்ராசஸருக்கு 65 வாட், மதர்போர்டுக்கும் ராமுக்கும் 35, ஹார்ட் டிஸ்க்குக்கு 10, டிவிடி டிரைவுக்கு 20-க்குள், மின்விசிறிகளுக்கு 5. மொத்தம் 135 வாட். ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் மட்டும் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும்; அதையும் சேர்த்தால்கூட, உண்மையான 300 வாட் எஸ்எம்பிஎஸ் தாராளம். பிசிஐ எக்ஸ்பிரஸ் செருகுவாயிலிருந்து மட்டும் மின்சாரம் எடுக்கும் கிராபிக்ஸ் கார்டு 75 வாட்டைத் தாண்டாது. 6 பின் ஒயர் கேட்பது இன்னும் 75, 8 பின் கேட்பது 150 வரை சேர்க்கும். இந்தக் கூட்டலுக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு இடம் விட்டால் போதும்.

"இருக்கட்டும், பெரிதாகவே வாங்கிவிட்டால் ஆபத்து இல்லையே" என்ற எண்ணம் பலருக்கு உண்டு. அதில் பாதி சரி. மேல்நிலைத் தொட்டி எவ்வளவு பெரிதானாலும் குழாயைத் திறந்த அளவுக்குத்தான் தண்ணீர் வரும். 750 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும் கணினி கேட்பதை மட்டுமே தரும், அதிகம் தந்து எரித்துவிடாது. ஆனால் அதனால் பயனும் இல்லை. 135 வாட் கணினியை 750 வாட் பெட்டியில் ஓட்டினால் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான பளுவில், அதன் திறன் தாழத் தொடங்கும் பகுதியில் ஓடும். அதைவிட முக்கியம், ஒரே விலைக்கு 700 என்று எழுதிய பெயர் தெரியாத பெட்டியும், 400 என்று எழுதிய தரமான பெட்டியும் கிடைக்கும்போது, பெரிய எண் மேலுள்ள மோகம் வாங்குகிறவரை முதலாவதிடம் கொண்டுபோய் விடுகிறது. செலவிடும் பணத்தை வாட்டுக்குக் கொடுக்காமல் தரத்துக்குக் கொடுப்பதே சரி.

தரத்தை எப்படி அறிவது என்று கேட்டால், பலரும் 80 பிளஸ் முத்திரையைக் காட்டுவார்கள். 2004-ல் தொடங்கிய இந்தத் திட்டம், 20, 50, 100 விழுக்காடு பளுக்களில் எஸ்எம்பிஎஸ் குறைந்தது 80 விழுக்காடு திறனோடு ஓடுகிறதா என்று சோதிக்கிறது. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்ற படிகள் பிறகு வந்தன. முத்திரை பயனுள்ளதுதான். 70 விழுக்காடு திறனுள்ள பெட்டியில் 135 வாட் கணினி சுவரிலிருந்து 193 வாட் இழுக்கும். 82 விழுக்காட்டில் 165. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் இந்த 28 வாட் வேறுபாடு 67 யூனிட் ஆகும். அந்த 28 வாட்டும் கேபினெட்டுக்குள் வெப்பமாக மாறுவதும் நின்றுபோகும். ஆனால் வெண்கலத்திலிருந்து தங்கத்துக்குப் போவதில் மிச்சமாகும் யூனிட்டுகள் இதைவிடக் குறைவு. பழைய கணினிக்கு அந்தக் கூடுதல் விலை தேவையில்லை. மேலும் முத்திரை திறனைப் பற்றி மட்டுமே பேசுகிறது. உற்பத்தியாளர் அனுப்பும் மாதிரியை 23 டிகிரி வெப்பத்தில் சோதித்துக் கொடுப்பது அது. மின்னழுத்தம் எவ்வளவு நிலையாக நிற்கிறது, 12 வோல்ட் லைனில் அலைவு 120 மில்லிவோல்ட்டுக்குள்ளும் 5 வோல்ட் லைனில் 50-க்குள்ளும் அடங்குகிறதா, ஒயர் ஒன்றோடொன்று பட்டுவிட்டால் அல்லது பளு மிஞ்சினால் அல்லது சூடு ஏறினால் தானே நின்றுகொள்கிறதா என்பவற்றை அது சொல்லாது. ஆகவே முத்திரை இல்லாததை ஒதுக்கலாம். முத்திரை இருப்பதாலேயே ஏற்றுவிட முடியாது. பாதுகாப்புச் சுற்றுகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, 12 வோல்ட் ஆம்பியரைத் தெளிவாக எழுதி, குறைந்தது 3 ஆண்டு உத்தரவாதம் தருவதைத் தேர்ந்தெடுக்கலாம்.

நம் ஊர்ச் சூழலில் வெப்பம் தனிக் கவனத்துக்குரியது. எஸ்எம்பிஎஸ்ஸின் ஆயுளைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதன் உள்ளிருக்கும் மின்பகு கெப்பாசிட்டர்கள். இவற்றில் உள்ள திரவம் வெப்பத்தில் மெல்ல வற்றும். வெப்பம் 10 டிகிரி குறையும்தோறும் ஆயுள் இரட்டிக்கும் என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் கணக்கு. 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று குறிக்கப்பட்ட கெப்பாசிட்டர், 85 டிகிரியில் 8000 மணி நேரமும், 65 டிகிரியில் 32,000 மணி நேரமும் உழைக்கும். மேலே சொன்ன ஆண்டுக்கு 2400 மணி நேரப் பயன்பாட்டில் 85 டிகிரியில் மூன்றேகால் ஆண்டுக்குச் சற்று மேல், 65 டிகிரியில் பதின்மூன்று ஆண்டுக்குச் சற்று மேல். சித்திரை வெயிலில், ஏசி இல்லாத அறையில், தூசி அடைத்த மின்விசிறியோடு ஓடும் எஸ்எம்பிஎஸ் முதல் கணக்கின் பக்கம்தான் இருக்கும். மலிவான பெட்டிகளில் 85 டிகிரி கெப்பாசிட்டர்களே இருந்தால் நிலைமை இன்னும் மோசம். 105 டிகிரி என்று வெளிப்படையாகச் சொல்லும் தயாரிப்பை விரும்புவதற்கு இதுவே போதிய காரணம்.

யுபிஎஸ்ஸோடு எஸ்எம்பிஎஸ் ஒத்துப்போவதும் இங்கே தள்ளிவைக்க முடியாத விஷயம். மின்சாரம் போகும் கணத்துக்கும் யுபிஎஸ் பொறுப்பேற்கும் கணத்துக்கும் இடையே சில மில்லிநொடி இடைவெளி உண்டு. ஏடிஎக்ஸ் விதிப்படி, உள்ளே வரும் மின்சாரம் அறுந்த பிறகும் எஸ்எம்பிஎஸ் ஏறத்தாழ 16 மில்லிநொடி தாக்குப்பிடிக்க வேண்டும். அந்தக் கையிருப்பைத் தருவது அதன் பெரிய முதன்மைக் கெப்பாசிட்டர். அது வற்றியிருந்தால், யுபிஎஸ் நன்றாக இருந்தும் மின்சாரம் போகும்போதெல்லாம் கணினி ரீஸ்டார்ட் ஆகும். யுபிஎஸ் பேட்டரியை மாற்றியும் இது தீரவில்லை என்றால் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல் திரும்ப வேண்டும். இன்னொரு சிக்கல் புதிய எஸ்எம்பிஎஸ்ஸால் வருவது. மின்திறன் காரணியைச் சீராக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி சுற்றுள்ள எஸ்எம்பிஎஸ்கள், வீடுகளில் உள்ள சாதாரண யுபிஎஸ் தரும் படிக்கட்டு வடிவ அலையை ஏற்காமல் சில வேளை இரையும், அணைந்தும் போகும். எல்லாச் சேர்க்கையிலும் இது நேர்வதில்லை; எனவே வாங்கியவுடன், உத்தரவாதக் காலம் ஓடும்போதே, யுபிஎஸ்ஸில் மாட்டி மெயின் சுவிட்சை அணைத்துச் சோதித்துவிடுவது நல்லது. பழைய எஸ்எம்பிஎஸ்களின் பின்புறம் 115, 230 என்று சிவப்பு நகர்த்து சுவிட்ச் இருக்கும். பயன்படுத்திய பெட்டி வாங்குகிறவர் அது 230-ல் இருப்பதை உறுதிசெய்யாமல் பிளக்கைச் செருகக் கூடாது. 115-ல் வைத்துச் செருகினால் வெடிச்சத்தம்தான் கேட்கும். எர்த் இல்லாத பிளக்கில் மாட்டினால், எஸ்எம்பிஎஸ்ஸின் உள்வாயில் வடிகட்டியில் உள்ள கெப்பாசிட்டர்கள் வழியாகக் கேபினெட்டில் பாதி மின்னழுத்தம், ஏறத்தாழ 115 வோல்ட், ஏறி நிற்கும். மின்னோட்டம் மிகச் சிறிது. தொட்டால் சுருக்கென்று இருக்கும். இது எஸ்எம்பிஎஸ்ஸின் கோளாறு இல்லை. எர்த் ஒயரைச் சரிசெய்ய வேண்டும்.

பழையதையே பழுது பார்க்கலாமே என்ற கேள்வி நியாயமானது. டெல், எச்பி போன்ற தனிவடிவப் பெட்டிகளிலும், 5 வோல்ட் வலுவுள்ள 2002-க்கு முந்தைய பெட்டிகளிலும் கெப்பாசிட்டர்களை மாற்றுவது சில வேளை ஒரே வழி. அதைத் தொழில் தெரிந்தவரே செய்ய வேண்டும். 230 வோல்ட்டை நேர்திசையாக்கினால் முதன்மைக் கெப்பாசிட்டரில் 325 வோல்ட் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அது அங்கேயே இருக்கும். சாதாரண 450 வாட் இலவசப் பெட்டிக்கு இந்த உழைப்பு வீண். "கணினியே பழையது, அதற்கு நல்ல எஸ்எம்பிஎஸ் எதற்கு?" என்பதும் கேட்கப்படும். 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்த பிறகு இந்தக் குரல் கூடியிருக்கிறது. ஆனால் பில் போடும் கடை, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரோடு ஓடும் அலுவலகம், லினக்ஸ் ஏற்றிய பள்ளி ஆய்வகம் ஆகியவற்றில் பழைய கணினி செய்யும் வேலை குறையவில்லை. எஸ்எம்பிஎஸ் கெடும்போது எப்போதும் தனியாகக் கெடுவதும் இல்லை. பாதுகாப்புச் சுற்று இல்லாத மலிவான பெட்டி போகும்போது ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போகலாம். கணினிக்கு விலை இல்லாவிட்டாலும் அதற்குள் இருக்கும் கணக்குக்கும் படங்களுக்கும் விலை உண்டு. தரமான ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸை அடுத்த கணினிக்கும் எடுத்துச் செல்லலாம். பயன்படுத்தியதை வாங்குவது இந்தக் கணக்கில் வராது: வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே கெப்பாசிட்டர் எத்தனை மணி நேரம் சூட்டில் கிடந்தது என்று சொல்ல வழியில்லை. அரிய தனிவடிவத்துக்கு மட்டும் அதை ஏற்கலாம்.

பொருத்தும்போது நேரும் தவறுகள் சிலவும் தேர்வின் பகுதியே. ஒயர்கள் கழற்றி மாட்டும் வகை எஸ்எம்பிஎஸ்ஸில், பெட்டியின் பக்கம் செருகும் முனைக்குப் பொதுவிதி எதுவும் கிடையாது. பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் ஒயரைப் புதியதில் செருகினால் டிஸ்க்குக்கு 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போய்விடக்கூடும். பழைய 4 பின் மோலெக்ஸ் கனெக்டரிலிருந்து டிஸ்க்குகளுக்கான சாட்டா கனெக்டருக்கு மாற்றும் ஒயர்களில், பிளாஸ்டிக்கை ஒரே வார்ப்பாக ஊற்றியவை உள்ளே பழுதுபட்டுத் தீப்பிடித்த நிகழ்வுகள் பல. பின் ஒவ்வொன்றும் தனித்தனியாக நசுக்கிப் பொருத்தப்பட்ட வகையை வாங்க வேண்டும், அதைவிட வேண்டிய அளவு சாட்டா ஒயர் உள்ள எஸ்எம்பிஎஸ்ஸையே வாங்குவது மேல். பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் கம்பியால் இணைத்து மின்விசிறி சுழல்வதைக் காட்டி, எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது என்று கடையில் சொல்வதை நம்பக் கூடாது. பளு இல்லாதபோது பழுதுபட்ட பெட்டியின் மின்விசிறிகூடச் சுழலக்கூடும்.

புதிய எஸ்எம்பிஎஸ்ஸைப் பொருத்தியதும் ஹார்ட் டிஸ்க்குகளின் ஒயரைச் செருகாமல், மதர்போர்டை மட்டும் இணைத்துக் கணினியைத் தொடங்குங்கள். பயாஸ் திரையில் ஒரு கால் மணி நேரம் ஓடவிட்டு, வெறுமனே தொங்கும் ஒரு மோலெக்ஸ் கனெக்டரில் மல்ட்டிமீட்டரை வைத்து, மஞ்சள் ஒயரில் 11.40-க்கும் 12.60-க்கும் இடையிலும், சிவப்பு ஒயரில் 4.75-க்கும் 5.25-க்கும் இடையிலும் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அணைத்துவிட்டு டிஸ்க்கை இணையுங்கள். நிற்காவிட்டால் பில்லோடு கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள்.